மூலை வெட்டியவள்

மூலையக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று தொழிற்சாலையில் எல்லோரும் சொல்வார்கள். அது தப்பு. அவளுக்குக் கோபம் சீக்கிரத்தில் வராது. வந்தால் லேசில் போகாது, அவ்வளவுதான். ஒருமுறை கேன்டீன்காரர் அவளுடைய சாப்பாட்டு டப்பாவைக் காலால் ஒதுக்கித் தள்ளினார் என்பதற்காக ஒன்பது வருடம் அவர் கையால் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. அவர் வேலையை விட்டுப் போன அன்றைக்குத்தான் குடித்தாள். அதையும் நின்றுகொண்டே குடித்தாள்.

இரும்புத் தகட்டில் மின்சார சுவிட்சுப் பெட்டிகள் செய்கிற தொழிற்சாலை அது. ஒரு தகட்டைப் பெட்டியாக மடிக்க வேண்டுமானால் முதலில் அதன் நான்கு மூலைகளையும் சதுரமாக வெட்டி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மடிக்கும்போது விளிம்புகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். அந்த மூலைகளை வெட்டும் இயந்திரத்தில் அவள் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறாள். தகட்டை மேடையில் வைத்து, இரண்டு பக்கமும் அணைத்து, காலால் மிதியை மிதித்தால் ‘டக்’கென்று கத்தி இறங்கும், ஒரு மூலை கீழே தொட்டியில் விழும். ஒரு தகட்டுக்கு நான்கு ‘டக்’. ஒரு நாளைக்கு இருநூறு தகடு. பேர் போய் மூலையக்காவாகிப் பல வருடமாயிற்று; சம்பளச் சீட்டில் மட்டும் பழைய பெயர் இருந்தது.

அவள் வந்து சேர்ந்ததே பெருக்குகிற வேலைக்கு. புருஷன் அந்தத் தொழிற்சாலையின் லாரி ஓட்டியவன். ஒரு மழை நாளில் இடிந்த பாலத்தோடு போய்விட்டான். மூன்று வயது மகளை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு விளக்குமாற்றோடு வந்தவள், மூலை வெட்டுகிறவர் திடீரென்று வேலையிலிருந்து நின்றுபோனபோது, நான் செய்கிறேன் என்று போய் நின்றாள். சிரித்தார்கள். ஒரு மாதத்தில் சிரிப்பு நின்றது. பழைய ஆள் நூற்றுக்கு ஐந்து தகட்டைக் கோணலாக வெட்டிப் பாழாக்குவார். அவள் வெட்டியதில் கோணல் என்று ஒன்று மடிக்கிற ஆளிடமிருந்து திரும்பி வந்ததே கிடையாது. மகளைப் படிக்க வைத்தாள். மகள் இப்போது விமானப் பயணச்சீட்டு விற்கும் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசிவிட்டு வந்து, வீட்டில் வாயைத் திறக்கவே அலுத்துப்போய்க் கிடப்பாள்.

அந்த இயந்திரத்தில் கத்திக்கு முன்னால் கம்பி வலை அடித்த ஒரு காவல் தகடு உண்டு. கை உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். புதிதாக ஆழமான பெட்டிகளுக்கு ஆர்டர் வந்தபோது, ஏற்கெனவே ஒரு பக்கம் மடித்த தகடுகளை வெட்ட வேண்டியிருந்தது. அவை காவலுக்கு அடியில் நுழையவில்லை. சூப்பர்வைசர் ஸ்பானரை வாங்கித் தானே நான்கு போல்ட்டையும் கழற்றி, காவலைப் பெயின்ட் டிரம்முக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். ஆர்டர் முடிந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்றார். அவள் மூன்று தடவை கேட்டாள். முதல் தடவை ‘நாளைக்கு’ என்றார், இரண்டாம் தடவை ‘பார்க்கலாம்’ என்றார், மூன்றாம் தடவை, இத்தனை வருடம் வேலை பார்த்தவளுக்கு என்ன பயம் என்று கேட்டார். மிதியின் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கிறது என்று சொன்னாள். அதற்குள் அவர் அடுத்த மேடைக்குப் போய்விட்டார்.

ஏழாவது வாரம், காலை பதினொரு மணிக்கு, ஒரு தகடு சற்றே நழுவியது. இடது கையால் அதை நேராக்கினாள். மிதியை அவள் மிதிக்கவில்லை. கத்தி தானாக இறங்கியது.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேல் கணுவோடு போயின.

விசாரணை என்று ஒன்று எட்டாம் நாள் வைத்தார்கள். கையில் கட்டு, மாத்திரையின் மயக்கத்தில் தலை தண்ணீரில் மிதப்பதுபோல் இருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி வந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, தோளில் ஒரு தோல் பை. ஆங்கிலத்தில்தான் கேட்பேன், அறிக்கை மேலே போக வேண்டும் என்றார். சூப்பர்வைசர் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். பேர் என்ன, வயது என்ன, எப்போது நடந்தது. காவல் தகட்டைக் கழற்றியிருந்தார்கள் என்று அவள் சொன்னபோது சூப்பர்வைசர் அதை எப்படி மொழிபெயர்த்தார் என்று அவளுக்குத் தெரியாது. அதிகாரி தலையை ஆட்டி ஏதோ எழுதிக்கொண்டார்.

பிறகு அதிகாரி நிமிர்ந்து, அவளை நேராகப் பார்த்து, “டிட் யூ கட் கார்னர்ஸ்?” என்று கேட்டார்.

கட் என்றால் வெட்டுவது. கார்னர் என்றால் மூலை. இருபத்திரண்டு வருடமாக அவளிடம் வரும் வரைபடங்களில் அந்த இரண்டு வார்த்தையும்தான் இருந்தன. சூப்பர்வைசர் வாயைத் திறப்பதற்குள் அவளே, “எஸ் சார்,” என்றாள். ஓர் ஆங்கிலக் கேள்விக்கு, நடுவில் ஆள் இல்லாமல், தானே பதில் சொல்லிவிட்டோம் என்று அந்த வலியிலும் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை. எவ்வளவு நாளாக என்று கேட்டார். அதுவும் புரிந்தது. விரல் விட்டுக் காட்ட முடியாமல் வாயால் சொன்னாள்: தினமும், இருபத்திரண்டு வருடமாக. அதிகாரியின் புருவம் மேலே ஏறியது. சூப்பர்வைசர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டாள்.

பத்து நாள் கழித்துத் தபாலில் அறிக்கையின் நகலும், அதோடு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தன. மகள் அலுவலகத்திலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமலே நின்று படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் போன போக்கைப் பார்த்து மூலையக்கா அடுப்பை அணைத்தாள்.

“ஏம்மா இப்படிச் சொன்ன?” என்றாள் மகள். “வேலையில குறுக்கு வழியில போனேன், அரைகுறையா ஒப்பேத்தினேன், அதுவும் தினம் தினம் இருபத்திரண்டு வருஷமா செஞ்சேன்னு நீயே ஒத்துக்கிட்டதா எழுதியிருக்கு. கீழ உன் கையெழுத்து.”

மூலையக்கா தான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை என்றாள். அதிகாரி கேட்ட கேள்வியையும் தான் சொன்ன பதிலையும் அப்படியே ஒப்பித்தாள். மகள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கட் கார்னர்ஸ் என்றால் மூலையை வெட்டுவது இல்லை, அது ஒரு சொலவடை, செய்ய வேண்டியதைச் செய்யாமல் வேலையைச் சுருக்கி ஏமாற்றுவதற்கு அப்படிச் சொல்வார்கள் என்று விளக்கினாள். விளக்கிய கையோடு, தெரியாத பாஷையில் எதற்குப் பதில் சொன்னாய், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா, மாத்திரை போட்டிருக்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாமே என்று பொரிந்து தள்ளினாள். மூலையக்காவும் விடவில்லை. உனக்கு அந்தப் பாஷையை வாங்கிக் கொடுத்ததே இந்தக் கைதான் என்று கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை மூலையக்கா ஒரு கோடு போட்ட நோட்டை மேசையில் வைத்து, அறிக்கையில் இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கிறது, ஒன்று விடாமல் எடுத்து எழுது என்றாள். மகள் லீவு போட்டாள்.

இருந்தன. அந்த அதிகாரிக்கு ஆங்கிலச் சொலவடைகள் என்றால் உயிர் போலிருக்கிறது. நேராகச் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தையும் அவர் நேராகச் சொல்லவில்லை. ‘ஆன் ஓல்ட் ஹாண்ட்’ என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தார். பழைய கை என்றா எழுதியிருக்கிறான், கை போனவளைப் பார்த்து, என்று மூலையக்கா கொதித்தாள். இல்லையம்மா, அனுபவசாலி என்று அர்த்தம் என்றாள் மகள். “அப்ப பழம் தின்னு கொட்டை போட்டவன்னு எழுது,” என்றாள் அம்மா. மகள் எழுதினாள். அதற்கு அடுத்த வரியில், இப்படிப்பட்டவர்களுக்குத்தான் மெத்தனம் வரும் என்று இருந்தது.

‘லேர்ன்ட் த ஹார்ட் வே’ என்றால் பட்டுத் தெரிந்துகொண்டாள். விதிகளின் மதிப்பை அவள் இப்போது பட்டுத் தெரிந்துகொண்டிருப்பாளாம். மூலையக்கா அந்த வரியை மூன்று முறை படிக்கச் சொன்னாள். காதில் ஈயம் காய்ச்சி ஊற்றுகிற மாதிரி இருந்தாலும் கேட்டாள்.

‘பாயின்ட் ஃபிங்கர்ஸ்’ என்பது விரலை நீட்டிக் குற்றம் சொல்வது. அதிகாரி யார் மீதும் விரல் நீட்ட விரும்பவில்லையாம். நீட்டுவதற்கு அவருக்குப் பத்தும் இருக்கிறதே, எதற்கு மிச்சம் பிடிக்கிறார் என்று கேட்டாள் மூலையக்கா. மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நொடியே அழுகையும் வந்தது.

எல்லாவற்றிலும் மோசமானது கடைசியில் இருந்தது. காவல் தகடு கழற்றப்பட்டிருந்தது என்று தொழிலாளி சொல்வதை ‘வித் அ பின்ச் ஆஃப் சால்ட்’ எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு சிட்டிகை உப்போடு. அப்படியென்றால் முழுசாக நம்பக்கூடாது என்று மகள் மெதுவாகச் சொன்னாள்.

மூலையக்கா நோட்டை மூடிவைத்தாள். கத்தி இறங்கிய அன்றுகூட அவளுக்கு இவ்வளவு எரியவில்லை. அது இரும்பு, அதற்குக் கண் இல்லை. இது கண்ணுள்ள மனிதன் மேசையில் உட்கார்ந்து எழுதியது.

“நான் பொய் சொல்றேன்னு எழுதணும்னா பொய்னே எழுத வேண்டியதுதானே,” என்றாள் கடைசியில். “அதுக்கு எதுக்கு என் வீட்டு உப்பை எடுக்கறான்?”

அரசாங்கத்துத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு மகள் ஒரு மனு எழுதினாள். அதற்குள் மூலையக்கா வெல்டரைப் பார்க்கப் போனாள். வெல்டரின் மேடை அவள் இயந்திரத்துக்கு எதிரில்; காவல் தகடு போனதும் தெரியும், வந்ததும் தெரியும். பதினைந்து வருடமாக மத்தியானச் சாப்பாட்டில் ஊறுகாயைப் பங்கு போட்டுக்கொண்ட மனுஷன். அவர் வாசலிலேயே நின்றுகொண்டு, நானும் பிள்ளைகுட்டிக்காரன் அக்கா என்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை. அவள் திரும்பி நடந்தாள். கேன்டீன்காரர் இருந்த பட்டியலில் அன்றைக்கு வெல்டரும் சேர்ந்தார்.

ஆய்வாளர் ஒரு பெண். ஐம்பதை ஒட்டிய வயது, கையில் துணிப்பை, அதிகம் பேசாதவர். கூட்ட அறையில் மேனேஜர், பாதுகாப்பு அதிகாரி, சூப்பர்வைசர் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று மகளைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். மூலையக்கா தனியாக உள்ளே வந்தாள். ஒரு கையில் நோட்டு. இன்னொரு கையின் இடுக்கில் ஒரு தகடு, நான்கு மூலையும் வெட்டியது. வரும் வழியில் மடிக்கிற ஆளிடம் கேட்டு வாங்கியது. விபத்துக்கு முன்னால் அவளே வெட்டியது.

ஆய்வாளர் அறிக்கையைப் புரட்டி, குறுக்கு வழியில் வேலை செய்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறீர்களே என்று தமிழில் கேட்டார். மூலையக்கா அந்தத் தகட்டை மெருகேற்றிய மேசைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் மேசையில் ஒரு கீறல் விழுந்தது. மேனேஜர் கீறலைப் பார்த்தார்.

“சார் என்னைக் கேட்ட கார்னர் இதுதாம்மா,” என்றாள் அவள். “இதை நான் வெட்டலைன்னா இவங்க பெட்டி மடங்காது. இருபத்திரண்டு வருஷமா வெட்டினேன்னு சொன்னேன். நிஜத்தைத்தான் சொன்னேன். நான் என்ன வேலை செய்யறேன்னு தெரியாமலே சார் என்னை விசாரிச்சிருக்கார்.”

ஆய்வாளர் தகட்டின் வெட்டு விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். அதிகாரியிடம், விசாரணைக்கு முன்னால் இந்த இயந்திரத்தைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டார். நேரம் போதவில்லை என்றார் அதிகாரி. அது ஒரு சாதாரணச் சொல்வழக்குதான், எல்லோருக்கும் புரியக்கூடியது என்று சேர்த்துக்கொண்டார். ஆய்வாளர் சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, நீங்கள்தானே மொழிபெயர்த்தீர்கள், இந்தக் கேள்வியை ஏன் மொழிபெயர்க்கவில்லை என்றார். அந்த அம்மாவே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டார், புரிந்துதான் சொல்கிறார் என்று நினைத்தேன் என்றார் சூப்பர்வைசர்.

மூலையக்கா சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள். குரல் ஏறவில்லை.

“உங்களுக்கு ரெண்டு அர்த்தமும் தெரியும். எனக்கு ஒண்ணுதான் தெரியும். அன்னிக்கு நான் ஆமான்னு சொன்னப்போ நீங்க குனிஞ்சு செருப்பைப் பாத்தீங்க. புரியாத ஆள் எதுக்குக் குனியணும்?”

ஆய்வாளர் எழுந்து, இயந்திரத்தைப் பார்க்கலாம் என்றார்.

இயந்திரத்தில் காவல் தகடு கம்பீரமாக இருந்தது. துடைத்து, எண்ணெய் தடவி, கோயில் கதவு மாதிரி வைத்திருந்தார்கள். அது என்றைக்கும் இருப்பதுதான், கழற்றியதே இல்லை என்றார் சூப்பர்வைசர், சுற்றி நிற்பவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. மடிக்கிற ஆள் தலையைக் குனிந்தார். பெயின்ட் அடிக்கிறவர் வேறு பக்கம் பார்த்தார். ஆய்வாளர் குனிந்து நான்கு போல்ட்டையும் பார்த்தார். இயந்திரம் முழுக்கப் பழைய அழுக்கு ஏறியிருக்க, அந்த நான்கும் மட்டும் புதிதாக மின்னின.

“அதை நான்தான் மாட்டினேன்,” என்று ஒரு குரல் வந்தது.

வெல்டர் முகமூடியை நெற்றிக்கு மேல் தள்ளியபடி நின்றார். கையை முழங்காலில் துடைத்துக்கொண்டே இருந்தார், அதில் ஒன்றும் அழுக்கு இல்லை. அடிபட்ட அன்று சாயங்காலமே மாட்டச் சொன்னார்கள், பழைய போல்ட் காணாமல் போனதால் புதுசு போட்டேன், அதற்கு முன்னால் ஏழு வாரம் அது பெயின்ட் டிரம்முக்குப் பின்னால் கிடந்தது என்று சொல்லிவிட்டார். சொல்லி முடித்ததும் முகமூடியை இழுத்து மூடிக்கொண்டார். மடிக்கிற ஆளும், ஆமாம், நானும் பார்த்தேன் என்றார். பிறகு பெயின்ட் அடிக்கிறவரும் வாயைத் திறந்தார். முதல் ஆள் தண்ணீரில் இறங்கினால் மற்றவர்களுக்கும் ஆழம் தெரிந்துவிடுகிறது.

ஆய்வாளர் மிதியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்ற அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கே இயந்திரத்துக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்.

எச்சரிக்கைக் கடிதம் ரத்தானது. சூப்பர்வைசரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். சட்டப்படி வர வேண்டிய இழப்பீடும் வந்தது. ஸ்பிரிங்கை மாற்றிய பிறகு இயந்திரத்தின் முத்திரையும் எடுக்கப்பட்டது. வெல்டரிடம் அவள் நன்றி சொல்லவில்லை. கை ஆறி வேலைக்குத் திரும்பிய அன்று மத்தியானம் ஊறுகாய் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர் எடுத்துக்கொண்டார். முதல்முறை வாசலில் நிறுத்திப் பேசியதை அவள் மறக்கவும் இல்லை. இரண்டும் அவளுக்குள் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன.

ஒரு மாதம் கழித்துப் பாதுகாப்பு அதிகாரி திருத்திய அறிக்கையோடு வந்தார். இந்தத் தடவை அவரே இறங்கி, இயந்திரம் இருக்கும் இடத்துக்கு வந்தார். எண்ணெயில் கால் வைக்காமல் தாண்டித் தாண்டி வந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். அவள் போடவில்லை. செல்போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த தகட்டை எடுத்து மேடையில் வைத்தாள். அவர் இருபது நிமிடம் நின்றார். உட்கார அங்கே நாற்காலி இல்லை.

மகள் கூப்பிட்டாள். எல்லாம் சரியாக இருக்கிறது, காவல் தகடு, ஸ்பிரிங், மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்கள் என்றாள். கடைசி வரியில் மட்டும் ‘லெட் பைகான்ஸ் பி பைகான்ஸ்’ என்று இருக்கிறது. ஆனது ஆச்சு, போனது போச்சு, இனி அதைப் பேச வேண்டாம் என்று இரு தரப்பும் ஏற்பதாக எழுதியிருக்கிறது என்றாள்.

மூலையக்கா போனை வைத்துவிட்டு அந்த வரியை எடுத்துவிடச் சொன்னாள். அது சும்மா ஒரு மரியாதைக்கு எழுதியது, கடைசியில் சுமுகமாக முடிக்க ஒரு வரி வேண்டாமா என்று அதிகாரி தமிழிலேயே கேட்டார். அவருக்குத் தமிழ் நன்றாகவே வந்தது. அது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் நாளே இந்தத் தமிழில் கேட்டிருந்தால் என்று நினைத்தபோது, தணிந்துகொண்டிருந்தது எல்லாம் மறுபடி குப்பென்று பற்றிக்கொண்டது.

“போனது உங்களுக்குப் போச்சு, எனக்குப் போகல. தகடு பிடிக்கும்போதெல்லாம் இல்லாத விரல் வலிக்குது. நடந்ததை நடந்தபடி எழுதுங்க சார், போதும். அதுக்கு மேல சொலவடை எதுவும் வேணாம். அப்படியே தமிழ்லயும் ஒரு பிரதி எழுதிட்டு வாங்க. உங்களுக்குத்தான் நல்லா வருதே.”

அவர் காகிதங்களைத் தோல் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். நான்கு நாள் கழித்து இரண்டு மொழியிலும் கொண்டுவந்தார். அந்த வரி இல்லை. அவள் தமிழ்ப் பிரதியைத் தலைமுதல் கால்வரை, எழுத்துக் கூட்டி, சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள். இயந்திரங்களை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஓர் இடத்தில் தேதி தப்பாக இருந்தது. அதையும் திருத்த வைத்தாள். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

அதன் பின்னால் தொழிற்சாலையில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் அவளிடம் கொண்டுவந்து நீட்டுவது வழக்கமாயிற்று. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். வாங்கிப் பார்ப்பாள், கீழே ஏற்கெனவே கையெழுத்து இருந்தால் வந்தவனைத் திட்டித் தீர்ப்பாள், அப்புறம் மகளுக்கு அனுப்புவாள். மகள் அர்த்தம் எழுதி அனுப்புவாள். பாதுகாப்பு அதிகாரி எப்போதாவது வந்தால் ‘வணக்கம்மா’ என்பார். மூலையக்கா பதிலுக்குத் தலையை மட்டும் ஆட்டுவாள். கேன்டீன்காரர் கணக்குப்படி ஒன்பது வருடத்தில் இன்னும் இரண்டுதான் முடிந்திருந்தது.